மாமாவின் நாயனக் கோப்புகள்

மார்ச் 4, செவ்வாய்

ஹார்டு டிஸ்க் போய்விட்டது. மாமா சுரம் சுரமாக ஊதிக் கொடுத்த நாயனப் பதிவுகள் முழுக்க அதில்தான் இருந்தன.

மார்ச் 5

எப்போதோ நண்பர் ஒருவருக்கு அனுப்பிய இன்ஸ்ட்ருமென்ட் கோப்பு மட்டும் மெயிலில் கிடைத்தது. பதிவுகளைக் கட்டை அழுத்தி வாசிக்க வைக்கும் மென்பொருளான சாம்ப்ளரில் இழுத்துப் போட்டேன். திறந்தது, திரையில் கீபோர்டும் வந்தது. கட்டையை அழுத்தினால் சத்தமில்லை.

இந்த எஸ்எஃப்இசட் கோப்பு வெறும் எழுத்துதான், நோட்பேடில் படிக்கலாம். 66ஆம் கட்டைக்கு இந்த வேவ் கோப்பு. வெலாசிட்டி 70 வரை மெல்ல ஊதியது, 71 முதல் 127 வரை அழுத்தி ஊதியது. லூப் இந்த இடத்தில். அவ்வளவே. ஒலி ஒரு துளிகூட அதற்குள் கிடையாது.

பக்கவாதம் வந்தபிறகு மாமாவின் உதட்டில் சீவாளி நிற்பதில்லை. மறுபதிவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

மார்ச் 9

ரிகவரி கடையிலிருந்து ஃபோன். கிடைத்துவிட்டதாம்! இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 10

ஒலி கிடைத்தது, பெயர்கள் கிடைக்கவில்லை. டிஸ்கின் பட்டியல் சிதைந்தால் வேவ் கோப்பின் தலைப்பகுதியை வைத்து ஒலியை மீட்கிறார்கள். பெயரும் ஃபோல்டரும் பட்டியலோடு போய்விடுகின்றன. இப்போது எல்லாமே எண்கள். சாம்ப்ளர் தேடுவதோ பெயரை. ஓர் எழுத்து மாறினாலும் அதற்கு அந்தக் கோப்பு இல்லை.

ட்யூனரை வைத்து ஸா, பா பிரித்தேன். இரண்டரைக் கட்டைச் சுருதி: ஸா 63, பா 70. ரி, கா வந்தால் முள் நிற்கவே மாட்டேன் என்கிறது.

மார்ச் 11

ஒன்றும் செய்யவில்லை. கோபம்.

மார்ச் 16, கும்பகோணம்

காலை முதல் மாமாவுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். பேச்சு குழறுகிறது. ஆனால் ஒலி வந்ததும் நல்ல கையின் விரல்கள் தொடைமேல் துளைகளை மூடித் திறக்கின்றன. நாயனத்தில் அரைச் சுரத்துக்குத் தனித் துளை கிடையாது. விரலைப் பாதி தூக்கியும் மூச்சை மாற்றியும் பிடிக்க வேண்டும். அந்தப் பாதி தூக்கலைப் பார்த்துத்தான் பல கோப்புகளுக்குப் பெயர் எழுதினேன்.

முள் நிற்காத ஒன்றைப் போட்டதும் சிரித்தார்.

“தோடி காந்தாரம்டா இது.”

“மாமா, அசைக்காம வெறும் காதானே கேட்டேன்?”

“வெறும் கா எங்கடா இருக்கு? நீ கேட்டே. நான் தோடிய நெனச்சுக்கிட்டு ஊதினேன்.”

டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை இசைத்தட்டில் கேட்டு வளர்ந்தவர். வாசித்ததும் பிள்ளை பரவலாக்கிய பாரி நாயனம்தான். தோடியில் காந்தாரம் ரிக்கும் மாவுக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும். பதிவு செய்த அன்று எங்கே வெட்டி லூப் வைத்தாலும் ‘டக்’கென்று தட்டியது இதனால்தான்.

மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை என்றார்.

மார்ச் 17

பெயர் மாற்றி ஏற்றினேன். ஸா பேசியது!

மார்ச் 24

அந்தக் காந்தாரத்தைப் பக்கத்துக் கட்டைகளுக்குப் பரப்பினால், சுருதி இறங்கும்போது ஆட்டமும் மெதுவாகிறது, ஏறும்போது வேகமாகிறது. கேட்கச் சகிக்கவில்லை. அதன் சொந்தக் கட்டையான 66இல் மட்டும் வைத்தேன். லூப்பை எடுத்துவிட்டேன், மாமாவின் மூச்சு தீரும் இடத்தில் சுரமும் தீரட்டும்.

ஏப்ரல் 3

இந்த நாயனத்தை வைத்துக் குறும்படம் ஒன்றுக்கு இசை செய்யச் சொன்னவர் ட்ராக் கேட்கிறார். மேல் ஸ்தாயியில் சில கோப்புகள் பாதியில் அறுந்து வந்திருக்கின்றன. கீழே இருப்பதை இழுத்து அந்தக் கட்டைகளை நிரப்பலாம். மனமில்லை.

மாலை மாமா ஃபோனில், “எல்லாம் ஏத்திட்டியா?” என்றார்.

“இன்னும் இல்ல மாமா.”

“பைரவிய நெனச்சு ஒரு நி ஊதினேனே, அது வந்துச்சா?”

எது என்று தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.