ஒரு கூரை, இரண்டு அடுக்களை

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பர். அவற்றுள் முன்னைய இரண்டையும் ஒருவன் தனக்கென்றே தேடிக்கொள்ளலாம். உறையுளையோ பிறரோடு கூடி வாழ்தற்கென்றே பெரும்பாலும் தேடுகின்றான். ஆதலின் வீடு வாங்குதல் சுவரும் கூரையும் வாங்குதல் மட்டுமன்று. யாரோடு, எத்துணை அணுக்கமாக வாழ்வது என முடிவு செய்தலும் ஆம். இதனை எனக்கு உணர்த்தியது, ஆஸ்திரேலியாவினின்றும் என் தமக்கையார் விடுத்த ஒரு விற்பனை விளம்பரமாகும்.

தமக்கையார் குவீன்ஸ்லாந்து மாநிலத்து ஸ்டாந்தார்ப் என்னும் சிற்றூரில் செவிலியாகப் பணிபுரிகின்றார். பிரிஸ்பேன் நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தொலைவில், 800 மீட்டர் உயரத்தில், கருங்கற்பாறைகள் சூழ உள்ளது அவ்வூர். 1872-இல் அங்கு வெள்ளீயம் கண்டெடுக்கப்பட்டது. வெள்ளீயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே ஊர்ப்பெயரின் முற்பாதியாயிற்று. ஈயம் அருகியபின் மக்கள் கனிமரங்களை நட்டனர். முதல் உலகப்போரினின்றும் மீண்ட வீரர்க்கு அப்பக்கத்தில் நிலம் வழங்கப்பட்டது. அமியான், பொசியேர் எனப் பிரெஞ்சு நாட்டுப் போர்க்களங்களின் பெயர்கள் அங்குள்ள குடியிருப்புகளுக்கு இன்றும் வழங்குகின்றன. இத்தாலியிலிருந்து குடியேறியோர் திராட்சை பயிரிட்டு மது வடித்தனர். இன்று அந்நிலம் மதுவுக்கே பெயர்பெற்று விளங்குகின்றது.

விளம்பரத்திற் கண்ட வீடு, இருகுடி வாழ்வுக்கு ஏற்றது எனக் குறிக்கப்பட்டிருந்தது. கூரை ஒன்று; பத்திரம் ஒன்று; ஆயின் வாயில் இரண்டு, அடுக்களை இரண்டு, குளியலறை இரண்டு. இடையே ஒரு சுவரும், அச்சுவரில் ஒரு கதவும். ஒரு பாதியில் மக்களும் மறுபாதியில் முதிய பெற்றோரும் வாழலாம். அன்றி அதனை வாடகைக்கும் விடலாம். துணைவீட்டில் குடும்பத்தாரே குடியிருத்தல் வேண்டும் என்றிருந்த விதியை அம்மாநில அரசு 2022-இல் தளர்த்தியது. குளிர்காலத்துக்கு விறகடுப்பும், மழைநீருக்குப் பெருந்தொட்டியும் உண்டு. தொட்டியை வீண் அலங்காரம் என்று எண்ணற்க. 2020 ஜனவரியில் ஊரணை வற்றிப்போக, ஓராண்டுக்கு மேல் வார்விக் பக்கத்திலிருந்து லாரிகளிற் கொணர்ந்த நீரால் அவ்வூர் உயிர்த்திருந்தது.

"மறுபாதி அம்மாவுக்கு" என்று தமக்கையார் எழுதியிருந்தார். முன்பணத்துக்காக ஊர் வீட்டை விற்கலாமா எனவும் வினவியிருந்தார். எம் தந்தையார் காலமாகி ஏழாண்டுகள் ஆயின. அவ்வீட்டில் இப்பொழுது தாயார் ஒருவரே இருக்கின்றார்; விடுமுறைக்கு யான் செல்வேன்.

உறவினர் சிலர், "பெற்ற தாய்க்குத் தனி அடுப்பா?" என இகழ்ந்தனர். யான் அவ்வாறு கருதவில்லை. நம் ஊர்களிலும் ஒரு வீட்டில் ஈரடுப்பு எரிதல் உண்டு. ஆயின் இங்கே பூசல் விளைந்தபின் முற்றத்தின் நடுவே சுவர் எழும்புகின்றது. அங்கோ பூசல் விளையாமைப் பொருட்டு முன்னரே எழுப்புகின்றனர். பூசலால் எழும் சுவரில் எவரும் கதவு வைப்பதில்லை.

என் கவலை வேறு. பெற்றோர் அந்நாட்டில் நிலையாகக் குடியேறுதற்குரிய சாதாரண விசாவுக்குப் பல பத்தாண்டுகள் காத்திருத்தல் வேண்டும். பெருந்தொகை கட்டுவோரும் ஆண்டுகள் பல காத்திருக்கின்றனர். தற்காலிக விசாவோ மொத்தம் பத்தாண்டுக்கு மேற்படாது. ஊர் வீட்டை விற்றபின் அக்காலம் முடியுமாயின், முதுமையில் தாயார் திரும்பி வந்து புகும் இடம் யாது?

தாயார் மூன்று நாள் இதுபற்றி ஒன்றும் பேசவில்லை. நான்காம் நாள் தொலைபேசியில், "மகளே, உன் சம்பாத்தியத்துக்கு எட்டினால் அந்த வீட்டை வாங்கு. என் பாதியை வாடகைக்கு விடு. வட்டி கட்ட உதவும். நான் வரும்போது உன் பாதியிலேயே பாய் விரித்துக்கொள்கிறேன். அப்பா கட்டின வீடு மட்டும் விலைக்கு இல்லை" என்றார். தமக்கையார் நெடுநேரம் விடை கூறவில்லை. பின்பு, "சரி, அம்மா" என்றார்.

இதனை எழுதும் பொழுது விலை முடிவாகவில்லை. அவ்வீடு எவர் கைக்குச் செல்லினும், அதிற் குடிபுகுவோர் நடுக்கதவைத் தாழிடாது வாழ்வாராக!