பற்சில்லு மாறினால் கணக்கும் மாறும்

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடுறவைக்குத் தெரியும், வேகம் ஒரு பொய். சோளகம் வீசுற மாதங்களில் பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போனால், மணிக்கு 22 கிலோமீற்றருக்கே மூச்சு வாங்கும். திரும்பி வரேக்க அதே கால், அதே சைக்கிள், 36 காட்டும். இதில் எது எங்கள் பலம்?

இதற்குத்தான் பவர் மீற்றர். அது காற்றைப் பார்க்காது. மிதியில் நாங்கள் கொடுக்கிற திருப்பத்தையும் கிராங் சுழலுகிற வேகத்தையும் பெருக்கி, இத்தனை வாற்ஸ் என்று சொல்லும். ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்த விசையின் திரும்பல் விளைவுதான், வேறொன்றுமில்லை. ஜேர்மன் பொறியியலாளர் உல்றிச் ஷோபெறர் 1986 இல் தொடங்கிய எஸ்.ஆர்.எம். தான் இதற்கு முன்னோடி. கிராங்கையும் பற்சில்லையும் இணைக்கிற ஸ்பைடர் என்ற துண்டில் மெல்லிய ஸ்ரெயின் கேஜ்களை ஒட்டியிருப்பார்கள். மிதிக்கும்போது அந்த உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். வளைய, கேஜின் மின்தடை மாறும். அந்த மாற்றம்தான் திரையில் எண்ணாக வருகிறது.

எங்கள் நாலு பேருக்கும் இருப்பது அப்படியான ஒரேயொரு கிராங்செற். காசு சேர்த்துக் கொடுக்க, கனடாவில் இருக்கிற மச்சான் ஒருவர் பாவிச்சது ஒன்றை வாங்கி, லீவுக்கு வரேக்க உடுப்புக்குள் சுற்றிக்கொண்டு வந்தார். அது பூட்டியிருப்பது எங்களில் இளையவளின் சைக்கிளில். அவள் மாகாண மட்டப் போட்டிக்குத் தயாராகிறாள்.

வந்த ஒரு வருடத்தில் பற்சில்லுகள் சுறாப்பல்லு மாதிரித் தேய்ந்துவிட்டன. கொம்பனியின் சொந்தப் பற்சில்லின் விலையைக் கேட்டால், கிராங்செற் வாங்கின காசில் பாதி. நல்லகாலம், எங்களுடையது ஐந்து ஆணி, 110 மி.மீ. வட்டம். அந்த அளவில் வேறு ஆக்கள் செய்த பற்சில்லுகள் தாராளமாகக் கிடைக்கும். எல்லாருக்கும் இந்த வழி இல்லை. 2019 இல் ஸ்ராம் வெளியிட்ட றெட் ஏ.எக்ஸ்.எஸ். கிராங்கில் பெரிய சில்லும் சின்னச் சில்லும் பவர் மீற்றரும் ஒரே துண்டு. பல்லு தேய்ந்தால் மீற்றரையும் சேர்த்தே மாற்றவேண்டும். தேயிற பொருளையும் தேயாத பொருளையும் ஒன்றாக ஒட்டிவைத்தால், நல்லாயிருக்கிறதையும் எறியத்தான் வேணும்.

நாங்கள் 50 பல்லும் 34 பல்லும் கொண்ட சோடி ஒன்றை எடுத்தோம். பெரிய சில்லில் துருத்திக்கொண்டு நிற்கிற சின்ன முளை கிராங் கைக்குப் பின்னால் வரவேண்டும். செயின் வெளியே விழுந்தால் இடையில் சிக்காமல் தடுக்கிறது அதுதான். இரண்டு சில்லின் அடையாளங்களும் ஒரே நேராக நிற்கவேண்டும், இல்லாவிட்டால் கியர் மாறேக்க செயின் தடுமாறும். ஆணிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். ஒரு பின்னேரத்து வேலை.

பிரச்சினை அடுத்த நாள் வந்தது. எண் கூடியிருந்தது. அதே றோட்டு, அதே நாடித்துடிப்பு, ஆனால் வழமையை விட ஆறேழு வாற்ஸ் அதிகம். சந்தோசப்படலாம்தான். ஆனால் புதுப் பற்சில்லு ஒருவரின் காலைப் பலப்படுத்தாது. பழைய சில்லும் புதுச் சில்லும் ஒரே அளவு விறைப்பாக இருக்காது. அதனால் ஸ்பைடர் வளைகிற விதம் மாறும், மீற்றரின் கணக்கும் மாறும்.

சரிபார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. திருநெல்வேலிச் சந்தையில் தெரிந்த கடைக்கார அண்ணையிடம் முத்திரை குத்தின 10 கிலோ படிக்கல் இரண்டை இரவல் வாங்கினோம். முதலில் பாரம் இல்லாமல் மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தோம். பிறகு பின் பிறேக்கை இறுக்கிப் பிடித்து, கிராங்கை முன்பக்கம் கிடையாக நிறுத்தி, மிதியின் அச்சில் படிக்கற்களைத் தொங்கவிட்டோம். 20 கிலோ, புவியீர்ப்பு 9.81, கிராங் நீளம் 0.17 மீற்றர். பெருக்கினால் 33.4 நியூட்டன் மீற்றர் வரவேண்டும். செயலி 34.4 காட்டியது. மூன்று வீதம் கூட. 200 வாற்ஸ் மிதித்தால் 206 என்று சொல்லும்.

ஆறு வாற்ஸ் பெரிய விசயமா என்று கேட்கலாம். அவளின் பயிற்சி முழுக்க அந்த எண்ணை வைத்துத்தான். திரை கூடச் சொன்னால் அவள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைவாக மிதிப்பாள், போட்டியன்று அது தெரியவரும். திருத்தினால் எண் இறங்கும் என்று சொன்னோம். "குறைஞ்சாலும் பறவாயில்லை அண்ணா, உண்மையாக் காட்டினாக் காணும்" என்றாள். செயலியில் அளவீட்டைத் திருத்தி, இரண்டு சில்லிலும் திரும்பத் தொங்கவிட்டுப் பார்த்தோம். பெரியதில் 33.4, சின்னதில் 33.6. எங்களுக்கு அது காணும்.

இதையெல்லாம் கேட்ட எங்கள் அப்பாமார் சிரித்தார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட ஆக்கள் அவர்கள். அந்த டைனமோ 3 வாற்ஸ்தான். கை களைத்தால் செய்தி நின்றுவிடும். அவர்களின் மீற்றர் ஒருநாளும் கூட்டிச் சொல்லவில்லை.

பாவிச்ச பவர் மீற்றர் வாங்க யோசிக்கிறவர்களுக்கு எங்கள் ஆலோசனை இதுதான். பற்சில்லைத் தனியாகக் கழற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். அளவீட்டை நீங்களே திருத்த விடுகிறதா என்று கேளுங்கள். வெயிலில் கேஜ்களின் அளவு நகரும். சைக்கிளை வெளியே பத்து நிமிடம் விட்டு, பூச்சியம் வைத்துவிட்டு ஓடுங்கள். எந்தப் பகுதியை மாற்றினாலும் படிக்கல்லைத் தூக்குங்கள். கடைக்கார அண்ணைமார் இரவல் தருவார்கள், சந்தை கூடமுதல் கொண்டுபோய்க் கொடுத்தால் சரி.