யாலவுக்குப் போகுமுன் உம்மாவிடம் கேளுங்கள்



பாடசாலை விடுமுறை நெருங்கும்போது உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்திருக்கும். "இம்முறை யாலவுக்குப் போவோம், புலி பார்ப்போம்" என்று மகன் தொடங்குவான். வீட்டுக்காரர் வேனுக்குச் சொல்லிவிடுவார். அறை எங்கே, ஜீப் யாருடையது, எத்தனை மணிக்குப் புறப்படுவது எல்லாம் ஆண்கள் இருந்து பேசி முடிப்பார்கள். சோற்றுப் பொதி எத்தனை கட்டுவது என்பது மட்டும் நம்மிடம் வந்து சேரும்.

நாங்களும் 2012ஆம் ஆண்டு அப்படித்தான் போனோம். அந்தப் பயணத்தில் என் உம்மா ஜீப்புக்குள்ளேயே மயங்கிச் சாய்ந்தார்.

பேருவளையிலிருந்து இரவு ஒரு மணிக்குப் புறப்பட்டோம். விடியுமுன் திஸ்ஸமஹாராம போய்ச் சேர்ந்தால்தான் முதல் வரிசையில் நிற்கலாம், அப்போதுதான் புலி கிடைக்கும் என்பது தம்பியின் கணக்கு. அந்த ஒரு மணிவரை நானும் ராத்தாவும் குசினியில் நின்றோம். உம்மா சீனி வருத்தக்காரர், முழங்கால் வலியும் உண்டு. ஐந்து மணிக்கு ஜீப் வந்தது. உயரமான அந்த வண்டியில் அவரைத் தூக்கித்தான் ஏற்றினோம்.

அவர் முதல்நாள் இஷாவுக்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீரும் குடிக்கவில்லை என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. பூங்காவுக்குள் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது, நாலு மணித்தியாலம் உள்ளேதான் என்று தம்பி வேனில் சொல்லிக்கொண்டு வந்ததை அவர் கேட்டிருக்கிறார். மருமக்களும் பேரப்பிள்ளைகளும் நிறைந்த வண்டியில், காட்டின் நடுவே, "என்னை இறக்குங்கள்" என்று எந்த வாயால் சொல்வது? குடிக்காமல் இருந்தால் அந்தத் தேவையே வராது என்று முடிவெடுத்துவிட்டார். குளிசையை மட்டும் போட்டிருக்கிறார்.

எட்டு மணியளவில் புலி நிற்கிறது என்று செய்தி வர, எங்கள் சாரதி பள்ளம் மேடு பாராமல் பறந்தார். அங்கே போனால் முப்பதுக்கும் மேற்பட்ட ஜீப்புகள். புழுதி, டீசல் புகை. மரக்கிளையில் ஒரு வால் தொங்குவதை எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் உம்மாவின் தலை ராத்தாவின் தோளில் விழுந்தது. முன்னும் பின்னும் வாகனங்கள் அடைத்து நிற்க, எங்கள் ஜீப்பைத் திருப்பி எடுக்கவே வெகுநேரம் பிடித்தது. வைத்தியசாலையில் சேலைன் ஏற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், மாலைக்குள் கண்விழித்துப் பேசினார். அதன் பிறகு பத்து வருடம் எங்கள் வீட்டில் யாரும் யால என்ற பெயரை எடுக்கவில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம், நீண்ட பயணம் என்றால் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை நம்மில் பலர் ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறோம் என்பதுதான். நீங்களும் செய்திருப்பீர்கள், நானும் செய்திருக்கிறேன். யாரிடமும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

2023ல் மீண்டும் போனோம். இம்முறை திட்டம் போட்டது நானும் ராத்தாவும். முதலில் உம்மாவிடம் போய் உட்கார்ந்து, "வருவதென்றால் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டோம். எழுபத்தொரு வயதில் அவரிடம் யாரோ இப்படிக் கேட்பது அதுதான் முதல்தடவையாக இருக்க வேண்டும். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பகலில் போவோம். சமைக்க வேண்டாம். காட்டுக்குள் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல் என்னால் இருக்கேலாது" என்றார். இந்த மூன்று சொல்லையும் வைத்தே முழுப் பயணத்தையும் அமைத்தோம்.

போகிற இடத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் இலகு. யால 1900இல் ஒதுக்கப்பட்ட காடாகி, 1938இல் தேசிய பூங்காவானது. பரப்பு ஏறக்குறைய 979 சதுர கிலோமீற்றர், ஐந்து தொகுதிகள். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் நுழைவது பலட்டுபான வாசல் வழியாக முதலாம் தொகுதிக்கே. அது மொத்தப் பரப்பில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். உலகத்திலேயே சிறுத்தைகள் நெருக்கமாக வாழும் இடங்களில் அதுவும் ஒன்று என்பதால் எல்லா ஜீப்பும் அங்கேயே குவிகின்றன. ஒரு வாலைப் பார்க்க முப்பது வண்டிகள் நின்றதன் கணக்கு இதுதான்.

காலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாசி தொடக்கம் ஆடி வரையிலான மாதங்கள் நல்லவை. வறட்சி கூடக்கூடக் குளங்கள் சுருங்கும், மிருகங்கள் தண்ணீரைத் தேடி வெளியே வரும். வறட்சி முற்றினால், செப்டம்பர் முதல் ஆறு வாரமளவில் முதலாம் தொகுதியை மூடிவைப்பது பல வருட வழக்கம். ஆகவே அந்த நாட்களில் போகிறவர்கள் வனஜீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். ஐப்பசி முதல் மழை. காடு பச்சையாக இருக்கும், மிருகங்கள் உள்ளே மறைந்துவிடும். நம் பிள்ளைகள் முஸ்லிம் பாடசாலையில் படித்தால் நோன்புக்கு விடுகிற விடுமுறையும் கணக்கில் வரும். நோன்பு பிடித்துக்கொண்டு அந்தப் புழுதியில் ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆடி மாதத்தில் கதிர்காமத் திருவிழா வந்தால் திஸ்ஸமஹாராம வரை அறைகள் நிறைந்துவிடும், விலையும் ஏறும்.

தெற்கு அதிவேகப் பாதை 2020இல் அம்பாந்தோட்டை வரை நீண்ட பிறகு இரவுப் பயணத்துக்குத் தேவையே இல்லை. நாங்கள் காலைச் சாப்பாட்டை வீட்டில் முடித்து வெளிப்பன்னையில் ஏறினோம். ளுஹருக்கு அம்பாந்தோட்டையில் இருந்தோம். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் படைவீரர்களாக வந்த மலாய்க்காரரின் சந்ததியினர் இன்றும் வாழும் ஊர் அது. அவர்களுடைய 'சம்பான்' படகிலிருந்துதான் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சந்தை கூடியிருந்த நேரத்தில் கடல் வந்து அங்கே எத்தனையோ குடும்பங்களை அள்ளிச் சென்றது. வேனில் இருந்தபடியே துஆச் செய்துவிட்டுத்தான் ஊரைத் தாண்டினோம்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். அரிசியும் ரைஸ் குக்கரும் ஏற்றிய வேன் சுற்றுலா வேன் அல்ல, அது இடம் மாறிய குசினி. அம்பாந்தோட்டையிலும் கிரிந்தவிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள், பள்ளிவாசல்கள் இருக்கின்றன. இரண்டு நாள் முன்பே விசாரித்தால் ஹலால் சாப்பாட்டுக்கு வழி பிறக்கும். நாங்கள் கட்டிக்கொண்டு போனது பிஸ்கட், பேரீச்சம்பழம், வாழைப்பழம், உம்மாவுக்குக் குரக்கன் ரொட்டி மட்டும். எருமைத் தயிருக்கும் கித்துள் பாணிக்கும் அந்தப் பக்கம் பேர் போனது, வழிநெடுகச் சட்டி சட்டியாக அடுக்கி வைத்திருப்பார்கள். சீனி வருத்தம் என்றும் பாராமல் உம்மா அதில் ஒரு சிறு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

தொழுகையைப் பற்றிப் பலர் கவலைப்படுவது பிற்பகல் சவாரியை நினைத்துத்தான். ஜீப் இரண்டரைக்குப் புறப்படும், பூங்கா ஆறு மணிக்கு மூடும், அஸர் உள்ளேயே போய்விடுமே என்று. பயணத்தில் இருக்கிறோம் அல்லவா? ஷாபிஈ மத்ஹபில் வந்த நாளும் போகிற நாளும் நீங்கலாக நாலு நாளுக்குக் குறைவாகத் தங்குகிறவர் ளுஹரையும் அஸரையும் சுருக்கி, முற்படுத்திச் சேர்த்துத் தொழலாம். அறையிலேயே தொழுதுவிட்டு நிம்மதியாக ஏறினோம். காலைச் சவாரிக்குப் போகிறவர்கள், "சுபஹ் தொழுதுவிட்டுத்தான் ஏறுவோம்" என்று ஜீப்காரரிடம் முதல்நாளே சொல்லி வைக்க வேண்டும். முதல் வரிசைக்காக அவர் நாலரைக்கே வந்து ஹோர்ன் அடிப்பார்.

ஜீப் பேசும்போது கட்டணம் மட்டும் பேசாதீர்கள். நுழைவு டிக்கட்டும் ஜீப் வாடகையும் வெவ்வேறு. அடையாள அட்டையை மறக்க வேண்டாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்திருக்கும் மச்சான் மதினிக்கு டிக்கட் பன்மடங்கு என்பதை அவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், வாசலில் முகம் சுளிப்பதைத் தவிர்க்கலாம். நாங்கள் இரண்டு ஜீப் எடுத்தோம். ஒன்று தம்பிக்கும் பையன்களுக்கும், மற்றது உம்மா, ராத்தா, நான், சின்னவள் ஆகியோருக்கு. எங்கள் சாரதியிடம் ராத்தா சிங்களத்தில் இரண்டு விஷயம் பேசினாள். நாங்கள் திரும்பு என்றால் அந்த இடத்திலேயே திரும்ப வேண்டும். புலி தேட வேண்டாம். இரண்டாவதைக் கேட்டு அந்த மனிதர் சிரித்தே விட்டார்.

வேறு சில சின்ன விஷயங்கள். ஏறி இறங்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டு போங்கள், உம்மாவை இம்முறை யாரும் தூக்கவில்லை. கடைசி ஆசனத்தில்தான் குலுக்கல் அதிகம், வயதானவரை முன்னால் வையுங்கள். கர்ப்பிணிகள் இந்தச் சவாரியை விட்டுவிடுவதே நல்லது. கறுப்பு அபாயாவில் அந்தச் செம்புழுதி படிந்தால் பிறகு துவைக்கிறவர் நாம்தானே, மண் நிறப் பருத்தியே நலம். வாசலில் மலசலகூடம் இருக்கிறது. உள்ளே போன பிறகு அப்படி ஒன்றை நம்பாதீர்கள். அங்கே எல்லோரையும் அனுப்பிவிட்டு, பிறகுதான் டிக்கட் எடுக்க விட்டேன். இரண்டு மணித்தியாலம்தான், வேண்டுமானால் உடனே திரும்பலாம் என்று தெரிந்தபின் உம்மா போத்தலை வாங்கித் தானாகவே குடித்தார்.

புலி தேடாததால் எங்களுக்கு நேரம் கிடைத்தது. ஒரு குளக்கரையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அரை மணித்தியாலம் இருந்தோம். குட்டியை நடுவில் விட்டு நாலு யானைகள் தண்ணீருக்கு வந்தன. சேற்றில் மரக்கட்டை என்று நாங்கள் நினைத்திருந்தது முதலை. மயில், மரை, புள்ளிமான் கூட்டம். குட்டி பின்தங்கியபோது தாய் யானை நின்று திரும்பிப் பார்த்ததை உம்மா இன்றும் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தம்பியின் ஜீப்புக்குப் புலி கிடைத்தது. மகன் அன்றிரவு முழுதும் அதையே பேசினான், எங்களுக்கு அதில் குறை ஒன்றும் தோன்றவில்லை.

பூங்காவுக்குள் இறங்க விடுகிற இடம் பட்டணங்கல என்ற கடற்கரை. பெரும் பாறையும் வெண்மணலும் கண்ணைப் பறிக்கும். சுனாமியில் உயிரிழந்தவர்களுக்கான நினைவுச் சின்னமும் அங்கேதான் இருக்கிறது. இறந்தவர்களில் ஜப்பானில் இருந்து வந்த சுற்றுலாப் பயணிகளும் இருந்தார்கள். அந்தக் கரையில் மணல்மேடு உயர்ந்து நின்ற இடங்களில் கடல் உள்ளே வரவில்லை. மேடு தாழ்ந்த இடங்களிலும் ஆற்று வாய்களிலும்தான் புகுந்தது. யால, கிரிந்தப் பக்கத்துக் கடல் குளிப்பதற்கு உகந்ததல்ல. அலை இழுத்துவிடும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். தண்ணீரில் விளையாடியே ஆக வேண்டும் என்றால் வறட்சிக் காலத்தில் கதிர்காமத்து மாணிக்க கங்கை ஆழமில்லாதது, ஆனால் கூட்டம் இருக்கும். திஸ்ஸ குளத்தில் முதலைகள் உண்டு.

மறுநாள் பகலை வேண்டுமென்றே வெறுமையாக விட்டோம். புந்தலவுக்குப் போகலாம் என்று தம்பி சொன்னான். இலங்கையின் முதலாவது றம்சார் ஈரநிலமாக 1990இல் அறிவிக்கப்பட்ட இடம் அது, செப்டம்பர் முதல் மார்ச் வரை வெளிநாட்டுப் பறவைகள் வரும். முன்பு பூநாரைகள் கூட்டமாக வந்தன, இப்போது அவை அரிது. எங்கள் காலம் அதற்கு ஒத்துவராததால் விட்டுவிட்டோம்.

மாலையில் கிரிந்தக் கரைக்குப் போனோம். இருட்டத் தொடங்கியதும் கடலுக்குள் ஒரு விளக்கு மின்னியது. 1873 முதல் அந்தப் பாறைத் தொடரில் நிற்கும் வெளிச்சவீடு அது. அதனருகே 1961இல் மைக் வில்சன் என்பவர் இரு சிறுவர்களுடன் முக்குளித்தபோது, மூழ்கிப்போன ஒரு கப்பலின் வெள்ளி நாணயங்களைக் கண்டார். அவரது நண்பர் ஆதர் சி. கிளார்க்கும் அந்தத் தேடலில் இருந்தார். நாணயங்கள் ஒளரங்கசீப் காலத்தவை, சூரத்தில் அச்சிட்டவை, அவற்றில் ஹிஜ்ரி 1113 என்று பொறித்திருந்தது. எங்கிருந்து எங்கே போன கப்பலோ! சின்னவள் ஹிஜ்ரிக் கணக்கை விரலில் எண்ணி எண்ணித் தோற்றாள்.

பாயை விரித்து உட்கார்ந்திருந்த உம்மா, ஜீப்காரர் சொன்ன ஒன்றை நினைவு வைத்திருந்தார். பாலைப்பழம் பழுக்கும் காலத்தில், வைகாசி ஆனியளவில், கரடிகள் மரமேறிப் பழம் தின்னுமாம்.

"அப்ப அடுத்த முறை பாலைப்பழத்துக்கு வருவோம்" என்றார். "அந்தத் தண்ணிப் போத்தலை இங்கால தா மகள்."