இது எந்தப் பசி?

"என்ன அண்ணி, பித்தப்பையில கல்லுன்னாங்க. அதுக்கா இப்படிப் பருப்புத் தண்ணியிலேயே கிடக்கிறீங்க? ஒரே ஒரு முறுக்கு. ஒண்ணும் ஆகாது, வாயைத் திறங்க!"

2024 தீபாவளிக்கு வந்திருந்த என் நாத்தனார், சுடச்சுட முறுக்கை ஒடித்து என் வாயருகே நீட்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் பித்தப்பையில் கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. பதினேழு நாள் முன்புதான் உடல் எடை குறைவதற்காக வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தேன். "தின்னு தின்னு பெருத்துட்டு, இப்போ வயித்தை வெட்டிக்கிட்டா" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்களே என்ற வெட்கத்தில் சொன்ன பொய் அது. அந்தப் பொய்யால் நான் பட்ட பாட்டையும், ஆபரேஷனுக்குப் பிறகு பசியோடு நடத்திய போராட்டத்தையும் சகோதரிகளுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 44. தஞ்சாவூரில் குடியிருக்கிறோம். நான் ப்ளஸ் டூ வரைதான் படித்தவள். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். எடையோ 104 கிலோ! சர்க்கரை வியாதி, முழங்கால் வலி, வீட்டையே எழுப்பும் குறட்டை. கொள்ளு ரசம், பேலியோ, ராத்திரிப் பட்டினி என்று நான் பார்க்காத வைத்தியம் இல்லை. ஐந்து கிலோ குறையும். ஆறு கிலோ ஏறும். கடைசியில் என் சர்க்கரை டாக்டரே திருச்சியில் ஒரு அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பி வைத்தார்.

"நல்லா இருக்கிற வயித்தையா வெட்டறாங்க?" என்று என் மாமியார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வயிற்றில் ஏறக்குறைய முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல ஒடுக்கமான குழாயாக்கி விடுகிறார்கள். "பசியைக் கிளப்பற கிரெலின்ங்கற ஹார்மோன் வயித்தோட மேல் பாகத்துலதான் அதிகமா சுரக்குது. அதை எடுத்துடறதால பசி குறையும்மா" என்றார் டாக்டர். இந்த ஹார்மோனை 1999-ல்தான் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்களாம். எனக்கு ஒரே சந்தோஷம். இனிமேல் பசியே எடுக்காது என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். அவர் சொன்னது 'குறையும்' என்றுதான். என் காதில் விழுந்தது வேறு!

ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு நாளும் தண்ணீர் குடிக்கக்கூடத் தோன்றவில்லை. மருந்து பாட்டிலோடு வருமே சின்ன மூடி, அதில் 30 மில்லி ஊற்றிக் கால் மணி நேரம் உறிஞ்ச வேண்டும். முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும். அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு. அதன்பின் மிருதுவானது, ஆறு, எட்டு வாரத்துக்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரணச் சாப்பாடு. இது எனக்குக் கொடுத்த கணக்கு. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் கொஞ்சம் மாறும்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் பசி வந்தது பாருங்கள்! அடுப்பங்கரையில் அத்தை வெங்காய சாம்பார் தாளிக்கிறார். கூடத்தில் பையன் தோசைக்குத் தோசை "இன்னொண்ணு" என்கிறான். எனக்கோ முன்னால் ஒரு மூடி பருப்புத் தண்ணீர். 'முக்கால் வயிற்றை எடுத்த பிறகும் இப்படிப் பசிக்கிறதே, ஆபரேஷன் பலிக்கவில்லையோ?' என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் கண்ணீர் விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கடன் வாங்கிச் செலவழித்த கணவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

இப்படியே தீபாவளி வந்தது. நாத்தனாரின் முறுக்கிலிருந்து "வயித்தைப் பிரட்டுது" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். தப்பாதது மறுநாள்தான்.

வந்தவர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் நாலு மணி. வெளியே ஐப்பசி மழை. வீட்டில் எல்லாரும் தூக்கம். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாமென்று அதிரசங்களை டப்பாவில் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்று உடைந்துவிட்டது. முழுசாக இருப்பதை டப்பாவில் வைத்தேன். உடைந்ததை வாயில் போட்டுக்கொண்டேன். யோசிக்கவே இல்லை. கை பாட்டுக்குப் போயிற்று.

இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை. நெஞ்சுக்கு நடுவில் கல்லை வைத்து அழுத்தினாற்போல ஒரு வலி. வாயெல்லாம் எச்சில் ஊறுகிறது; விழுங்க முடியவில்லை. நுரை நுரையாக வாந்தி. "என்னங்க!" என்று நான் போட்ட கூச்சலில் இவர் ஓடி வந்தார். தையல் போட்ட இடம் பிரிந்து கசிந்தால் உயிருக்கே ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். மழையோடு மழையாகக் கார் பிடித்துத் திருச்சிக்குப் போனோம். வழி முழுக்க எனக்குப் பிள்ளைகள் முகம்தான். ஒரு அதிரசத் துண்டுக்காகவா என்று வெட்கத்தில் குன்றிப் போனேன்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கடவுள் புண்ணியத்தில் கசிவு எதுவும் இல்லை. மறுநாள் அங்கிருந்த டயட்டீஷியன் பெண் (என் அக்கா மகள் வயதுதான் இருக்கும்) பக்கத்தில் உட்கார்ந்து, திட்டாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா, அந்த நேரத்துல உங்களுக்குப் பசிச்சுதா?"

யோசித்துப் பார்த்தேன். பசியே இல்லை! அரை மணி முன்புதான் மசித்த பருப்பு சாப்பிட்டிருந்தேன். "உடைஞ்சு போச்சு, அதனால சாப்பிட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கல்யாணமாகி 22 வருஷமாக உடைந்த தோசை, கருகின சப்பாத்தி, பிள்ளைகள் தட்டில் மீந்த சாதம், பாத்திரம் ஒழிக்கையில் அடியில் தங்கிய கூட்டு எல்லாம் என் பங்கு. பசித்ததா என்று யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அந்தப் பெண் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னாள். சாப்பிடத் தோன்றும்போதெல்லாம் மணி என்ன, எது வேண்டுமென்று தோன்றுகிறது, கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று மூன்றே விஷயம் எழுத வேண்டும். ஒரு மாதம் எழுதியதில் பசி என்று நான் நினைத்தது நாலு வகை என்று தெரிந்தது.

முதலாவது, தாகம். ஒரே மூச்சில் குடிக்க முடியாததால் உடம்பில் தண்ணீர் குறைகிறது. அது பசி மாதிரியே காட்டுகிறது. நாலு மடக்கு தண்ணீரை மெதுவாக உறிஞ்சிப் பத்து நிமிஷம் பொறுத்தால் அடங்கிவிடும்.

இரண்டாவது, அமிலம். விடியற்காலையில் வயிற்றைச் சுரண்டுகிற மாதிரி இருக்கும். அதற்கு வேண்டியது டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை; சாப்பாடு இல்லை. மாத்திரையை இரண்டு நாள் மறந்ததுதான் காரணம் என்று நோட்டுதான் காட்டிக் கொடுத்தது.

மூன்றாவது, நிஜப் பசி. சாப்பிட்டு மூன்று நாலு மணி நேரம் கழித்து மெள்ள மெள்ள வரும். 'உப்பில்லாத வெந்த முட்டை கொடுத்தாலும் சரி' என்று தோன்றினால் அது நிஜம். அதைப் பட்டினி போடக் கூடாது. புரதம் போதாவிட்டால் இது சீக்கிரமே வரும். ஒரு நாளைக்கு எனக்குச் சொன்னது 60 கிராம் புரதம். பருப்புத் தண்ணீரில் எல்லாம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். மேலே தெளிந்த தண்ணீரில் புரதம் கொஞ்சம்தானாம்! திரவம் மட்டும் குடிக்கிற நாட்களில் புரதப் பவுடர் கலந்த பாலும் மோரும்தான் கைகொடுத்தன. பிறகு மசித்த பருப்பு, பனீர், முட்டை. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம். சாப்பிட உட்கார்ந்தால் முதல் வாய் புரதம், பிறகு காய், இடம் இருந்தால் சாதம்.

நாலாவது, மனசுப் பசி. இது திடீரென்று வரும்; பஜ்ஜி, அதிரசம், பக்கோடா என்று பெயர் சொல்லிக் கேட்கும். எனக்கு வருவது பெரும்பாலும் சாயங்காலம் நாலு மணிக்கு. பிள்ளைகள் வரும் நேரம் வரை வீடு வெறிச்சென்று இருக்கும். அந்த வெறுமையைத்தான் இத்தனை வருஷமாகக் காபியும் முறுக்குமாக நிரப்பி வந்திருக்கிறேன். இதோடு சண்டை போடக் கூடாது; இடத்தை மாற்ற வேண்டும். அடுப்பங்கரையை விட்டு வெளியே வந்து பூத் தொடுப்பேன், மொட்டை மாடியில் நடப்பேன், அக்காவுக்குப் போன் போடுவேன். கால் மணி நேரத்தில் பெரும்பாலும் போய்விடும்.

ஊரிலிருந்து திரும்பியதும் அத்தைதான் என் பொய்யையும் உடைத்தார். போனில் நாத்தனாரிடம், "அவளுக்கு எடை குறைய ஆபரேஷன் ஆயிருக்கு. இனிமே யாரும் அவ வாயில எதையும் திணிக்காதீங்க" என்று பட்டென்று சொல்லிவிட்டார். நான் பயந்த மாதிரி யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே நாத்தனார், "அண்ணி, எந்த டாக்டர்?" என்று ரகசியமாகக் கேட்டார்!

மூன்று நாள் பேசாமலிருந்த அத்தை பிறகு எனக்குக் காவலாகிவிட்டார். குழந்தைகளுக்குப் பருப்பு ஊட்டும் வெள்ளிக் கிண்ணத்தைப் பரணிலிருந்து இறக்கி, "இதுதான் உன் அளவு. எல்லாருக்கும் முன்னால நீ உட்கார்ந்து சாப்பிடு" என்றார். இருபது நிமிஷம் மென்று மென்று சாப்பிடுகிறேன். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. அரை மணி கழித்துத்தான். சமையலில் உப்புப் பார்ப்பது என் மகள் வேலை. ஐஸ்கிரீம், சர்க்கரைப் பானம் எல்லாம் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், வயிறு தடுக்காது. அதனால் அவை வீட்டுக்குள்ளேயே வருவதில்லை.

ஆபரேஷன் ஆகிப் பதினாலு மாதத்தில் என் எடை 74 கிலோவாகியிருந்தது. சர்க்கரை மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்திருக்கிறார். நடுவில் நாலாம் மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, பிறகு முளைத்தது. பசி இப்போது முன்னைவிடக் கூடியிருக்கிறது. நாளாக நாளாக அது கொஞ்சம் திரும்பத்தான் செய்யுமாம். இப்போது பயப்படுவதில்லை. நோட்டை மறுபடி எடுத்துவிடுவேன்.

இந்த ஆபரேஷனை யோசிக்கிற சகோதரிகளுக்குச் சில எச்சரிக்கைகள். இது எல்லாருக்கும் ஏற்றதல்ல; டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் ஜுரம், படபடப்பு, குறையாத வயிற்று வலி, தண்ணீர் கூடத் தங்காத வாந்தி வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பி12, இரும்பு, கால்சியம் போன்ற சத்து மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க உண்டு. இளம் பெண்கள் ஒன்று முதல் ஒன்றரை வருஷம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் நிஜமாகவே கல் வரலாமாம். என் பொய் பலித்துவிடாமல் இருக்க அதற்கும் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன்!

ஆபரேஷன் தேவைப்படாத சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. இன்று ராத்திரி பாத்திரம் ஒழிக்கும்போது அடியில் ஒரு கரண்டி மீந்திருக்கும். 'வீணாகிறதே' என்று வாயில் போடுவதற்கு முன், பசிக்கிறதா என்று ஒரு தடவை உங்களையே கேட்டுப் பாருங்கள். பசித்தால் தட்டில் போட்டு, உட்கார்ந்து, நிம்மதியாகச் சாப்பிடுங்கள். இல்லையென்றால் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். எங்கள் வீட்டில் உடைந்த தோசை இப்போது யார் தட்டில் விழுகிறதோ அவர்களுக்குத்தான். இந்தத் தீபாவளிக்கு உடைந்த அதிரசம் முழுவதையும் இவர்தான் சாப்பிட்டுத் தீர்த்தார்.