சிடில சவுண்டு நல்லா வரணுமா?

ஆடியோ சிடி போடறதப் பத்தி நம்ம ஆளுங்ககிட்ட ஒரு நம்பிக்கை உண்டு. நல்ல ரைட்டர், காஸ்ட்லி சிடி, குறைஞ்ச ஸ்பீடு, இந்த மூணும் இருந்தா சவுண்டு அள்ளிடும்னு. கறுப்பு கலர் சிடில போட்டா பாஸ் தூக்கும்னு என்கிட்ட அடிச்சுச் சொன்னவங்கல்லாம் இருக்காங்க. என்னைக் கேட்டா, டிரேல சிடி வைக்கறதுக்கு முன்னாடியே முக்கால்வாசி முடிவாயிடுது. இத எனக்குப் புரிய வெச்சது கல்மண்டபத்துல எங்க எதிர்வீட்டு ஆயாவோட ஒரு கேசட்.

ஆயாவோட வீட்டுக்காரர் ஹார்பர்ல மூட்டை தூக்கினவர். ராத்திரில கானா பாடுவார். சினிமால வர்ற கானா இல்லீங்க, மரண கானா. வடசென்னைல ஒரு சாவு விழுந்தா, விடிய விடிய பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்து பாடற பாட்டு. எண்பதுகள்ல அப்படி ஒரு சாவு வீட்ல, யாரோ டூ-இன்-ஒன் செட்ட நடுவுல வெச்சு சி-90 கேசட்ல பதிவு பண்ணியிருக்காங்க. அவர் போனப்புறம் குரல்னு மிச்சமிருந்தது அந்த ஒரு கேசட்தான்.

2004-ல ஆயா அத ஒரு கடைல குடுத்து சிடியா மாத்தி வாங்கிட்டு வந்தாங்க. என் வீட்ல போட்டுக் கேட்டோம். இரைச்சலே இல்ல. ஆனா தண்ணித் தொட்டிக்குள்ள உக்காந்து பாடற மாதிரி ஒரு குரல். ரெண்டு பாட்டு கேட்டுட்டு ஆயா சொன்னாங்க: "இன்னா கண்ணு, இதுல பாட்டு கீது, அவுரு இல்லியே."

ஆயாவுக்கு எம்பி3யும் தெரியாது, பிட்ரேட்டும் தெரியாது. ஆனா இதவிட சரியா யாரும் சொல்லியிருக்க முடியாது. அந்த சிடில என்ன ஆகியிருக்குன்னு ஆராஞ்சதுல பாதி விஷயம் கத்துக்கிட்டேன். முதல்ல, மைக் பின்ல கொடுத்து ஏத்தியிருக்காங்க. மைக் இன்புட் பெரும்பாலும் மோனோ, அதோட சின்ன சத்தத்த பல மடங்கு பெருசாக்கற இடம். அதுல டேப் அவுட்புட்ட விட்டா கிழியாம என்ன செய்யும்? அடுத்து சாஃப்ட்வேர்ல இரைச்சல வழிச்சு எடுத்திருக்காங்க. இரைச்சலும் 'ஸ', 'ச' மாதிரி எழுத்துங்களும் மூச்சுக் காத்தும் ஒரே உயரத்துல இருக்கற சமாச்சாரம். ஒண்ண வழிச்சா இன்னொண்ணும் கூடவே போயிடும். பாட்டுக்கு நடுவுல இருந்த 'வெத்து' இடங்களயும் வெட்டித் தள்ளிட்டாங்க. அவர் தொண்டையக் கனைக்கறது, யாரோ டீ கேக்கறது, நாய் குரைக்கறது எல்லாம் அதுலதான் இருந்தது.

இதுக்கு மேல எம்பி3 வேற. ஆடியோ சிடில ஒரு செகண்டுக்கு 44,100 தடவ, 16 பிட்ல, ரெண்டு சேனலுக்கும் அளந்து எழுதறாங்க. 1980-ல ஃபிலிப்ஸும் சோனியும் சேந்து எழுதி வெச்ச கணக்கு. மொத்தம் செகண்டுக்கு 1,411 கிலோபிட். 128 எம்பி3ல இருக்கறது அதுல பதினொண்ணுல ஒரு பங்கு. நம்ம காதுக்குத் தெரியாதுன்னு அது நெனைக்கறத தூக்கிப் போட்டுடும். திரும்ப வேவ் ஃபைலா மாத்தி ஆடியோ சிடி போட்டா சைஸுதான் ஊதும், போனது வராது. கரும்புச் சக்கைல தண்ணி ஊத்திப் பிழியற கதை.

நல்ல வேளை, ஒரிஜினல் கேசட் பத்திரமா இருந்தது. ஆனா பழைய டேப்ப ஓட்ட ஓட்ட அதோட மேல்பூச்சு உதிரும். அதனால ஒரே தடவ ஓட்டி ஒழுங்கா எடுக்கறதுன்னு முடிவு பண்ணேன். கடலோர ஊர்ல கேசட்டுக்குப் பெரிய எதிரி ஈரம், டேப் ஓரத்துல வெள்ளையா பூஞ்சை புடிச்சுக்கும். இது தப்பிச்சிருந்தது. ஒரு தடவ முழுசா முன்னாடி ஓட்டி, பின்னாடி ஓட்டி, இறுக்கத்த தளர்த்தினேன். செட்டோட ஹெட்ட ஸ்பிரிட் நனைச்ச பஞ்சால துடைச்சேன். ஹெட்டுக்குப் பக்கத்துல ஸ்பிரிங் வெச்ச ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும் பாருங்க, அதுதான் ஹெட்டோட சாய்வ மாத்தறது. பாதி ரேடியோ ரிப்பேர்காரங்க அதத் தொடாதன்னு சொல்வாங்க. வேற ஏதோ செட்ல பதிஞ்ச கேசட்னா தொட்டே ஆகணும். ஹெட்போன மாட்டிக்கிட்டு முள்ளு முனை அளவு திருப்பினேன். போர்வைக்குள்ள இருந்த குரல் வெளிய வந்துச்சு. அந்த அரை நிமிஷம் செஞ்ச வேலைய எந்த சாஃப்ட்வேரும் செஞ்சிருக்காது.

அடுத்தது கரண்ட்டு. டூ-இன்-ஒன்னயும் கம்ப்யூட்டரயும் ஒயர் போட்டு இணைச்சதும் 'உம்ம்ம்'னு ஒரு ரீங்காரம். நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டோட பாட்டு அது. அதுக்கு ஃபில்டர் தேடறதுக்கு பதிலா ப்ளக்கப் புடுங்கிட்டு ஆறு பெரிய செல்லு போட்டேன். ரீங்காரம் காலி. லைன்-இன்ல குடுத்து, ராத்திரி ரெண்டு மணிக்கு மேல ஏத்தினேன். தெருல கண்டெய்னர் லாரி போனா நமக்கென்ன, ஒயர்ல லாரி சத்தம் ஏறாது. ஆனா சாயங்காலத்துல ஒரு ஃபேன் போட்டாலே லைட்டு மங்கற வோல்டேஜ். நடுவுல கம்ப்யூட்டர் அணைஞ்சா முதல்லேர்ந்து ஓட்டணும்.

லெவல் வைக்கறதுலதான் நெறய பேர் கோட்ட விடறாங்க. கேசட்ல முள்ளு சிவப்புல போனா கொஞ்சம் கரகரப்பா, கேக்க நல்லாக்கூட இருக்கும். டிஜிட்டல்ல 0 டெசிபலுக்கு மேல இடமே கிடையாது, கத்தி வெச்சு சீவின மாதிரி வெட்டிடும். டோலக் எகிறுற இடமே மைனஸ் 6-ஐத் தாண்டாத மாதிரி வெச்சேன். அந்தக் காலத்து செட்ல தானா வால்யூம் அட்ஜஸ்ட் பண்ற சர்க்யூட் உண்டு. டோலக் விழுந்தா குரல் அமுங்கும், எல்லாரும் சும்மா இருந்தா இரைச்சல் மேல எழும்பும். அது டேப்லயே பதிஞ்சு போன விஷயம். அப்படியே விட்டுட்டேன். இரைச்சலயும் விட்டுட்டேன். இரைச்சல் இருந்தா காது அஞ்சு நிமிஷத்துல அதத் தள்ளிட்டு குரலத் தேடிப் போயிடும்.

சி-90-ன்னா 90 நிமிஷம், சிடில 80 தான் கொள்ளும். அதனால ஒரு பக்கத்துக்கு ஒரு சிடி. இத 'டிஸ்க்-அட்-ஒன்ஸ்'ல எழுதணும். 'ட்ராக்-அட்-ஒன்ஸ்'ல விட்டா ஒவ்வொரு ட்ராக்குக்கும் நடுவுல ரெண்டு செகண்டு மௌனம் வரும். விடிய விடிய நிக்காம ஓடற பாட்டுல அது எப்படி இருக்கும்னு நெனைச்சுப் பாருங்க.

ஸ்பீடு பத்திக் கேப்பீங்க. 52எக்ஸ்ல அவசரமா அடிக்காதீங்க, ஆனா 1எக்ஸ் தவமும் வேண்டாம். பின்னால வந்த சிடிங்களோட சாயமே வேகமா எழுதறதுக்குன்னு செஞ்சது. நான் 16எக்ஸ்ல நிறுத்திக்கிட்டேன். பிழை இல்லாம படிக்க முடிஞ்சா கறுப்பு சிடியும் வெள்ளி சிடியும் குடுக்கறது அதே எண்ணுங்கதான். ஆர்டபிள்யூ சிடி மட்டும் வேண்டாம், பழைய ப்ளேயருங்க பலது அதப் பாக்கவே பாக்காது. மேல ஸ்டிக்கரும் ஒட்டாதீங்க. லேபிள் பக்கம் கீறினாதான் சிடிக்கு உண்மையான ஆபத்து, அந்த மெல்லிசுப் பூச்சுக்கு நேர் கீழதான் கண்ணாடிப் படலமே இருக்கு.

இன்னொரு வேலையும் செஞ்சேன். அதே வேவ் ஃபைல (ஒரு பக்கம் கிட்டத்தட்ட 475 எம்பி) டேட்டா சிடியாவும் எழுதி வெச்சேன். ஆடியோ சிடில ஒரு செக்டாருக்கு 2,352 பைட்டும் பாட்டுக்கே போயிடும். டேட்டா சிடில 2,048 தான் நமக்கு, மிச்சத்துல பெரும்பகுதி கூடுதல் பிழை திருத்தத்துக்கு. ஆடியோ சிடில திருத்த முடியாத பிழை வந்தா ப்ளேயர் குத்துமதிப்பா நிரப்பிட்டுப் போயிடும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

சிடியப் போட்டதும் முதல்ல வந்தது கனைப்புதான். ஆயா ஒண்ணும் சொல்லல. முந்தானைய வாயில பொத்திக்கிட்டு முழுசா 45 நிமிஷம் உக்காந்திருந்தாங்க.

2011-ல ஆயாவும் போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி பாடறதுக்கு ஆள் வந்திருந்தாங்க. அவங்க டீ குடிக்க எழுந்த நேரத்துல பேரன் அந்த சிடியப் போட்டான். குழாய் ஸ்பீக்கர்ல ஸ்டீரியோவாவது, ட்ரெபிளாவது. ஆனா தெருல நின்ன பெருசுங்க சட்டுனு திரும்பிப் பாத்தாங்க.

இப்ப அந்த ஆடியோ சிடி திக்க ஆரம்பிச்சிடுச்சு. சிடி உள்ளேர்ந்து வெளிய எழுதறது, ஓரத்துல இருக்கற கடைசிப் பாட்டுதான் முதல்ல போச்சு. ஒரு காலத்துல இந்தியா பூரா சிடி சப்ளை பண்ண மோசர் பேயரே 2018-ல கலைப்புக்குப் போயாச்சு. டேட்டா சிடி மட்டும் இன்னும் முழுசா படிக்குது. உங்க வீட்ல அந்தக் காலத்து சிடி இருந்தா, யூஎஸ்பில சொருகற ரைட்டர் இன்னும் விக்குது, வாங்கி இந்த மாசமே எடுத்து வெச்சுடுங்க. ஃப்ளாக்ல போடுங்க, சைஸு கொறையும், ஒரு பிட்டு போகாது.

பேரன் போன மாசம் வந்து, ஏதோ புது ஏஐ சாஃப்ட்வேர் இருக்காம், இரைச்சல மொத்தமா எடுத்துடுமாம், போட்டுப் பாக்கலாமான்னு கேட்டான். போட்டுப் பாருன்னு சொல்லிட்டு பென் டிரைவ்ல ரெண்டு காப்பி ஏத்திக் குடுத்தேன், ஒண்ணு அவன் நோண்டறதுக்கு.