சம்பந்தி வீட்டார் இராயபுரம் வந்தபோது



சென்னையில் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று வெளியூரில் யாரேனும் கேட்டால், "பாரிமுனைக்குப் பக்கம்" என்றே நெடுங்காலம் விடையளித்து வந்தேன். இராயபுரம் என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு சிறு மாற்றம் தோன்றும். திரைப்படங்கள் காட்டிய அரிவாளும் அடிதடியும் அவர் நினைவில் எழுவது எனக்குத் தெரியும். அந்த மாற்றத்தைக் காண அஞ்சியே ஊரின் பெயரை மறைத்து வந்தேன்.

என் மகனுக்குக் கோயம்புத்தூரில் பெண் பார்த்தோம். பெண்வீட்டார் இரண்டு நாள் தங்கிச் செல்ல வருவதாகச் சொன்னார்கள். ஒரு நாள் மெரினா, மறுநாள் தியாகராய நகர்க் கடைகள், நடுவே எங்கள் வீட்டில் ஒரு வேளை விருந்து என்று நான் திட்டமிட்டேன். சம்பந்தியம்மாள் தொலைபேசியில் சொன்னார்: "அண்ணே, மெரினாவை நாங்கள் முன்பே பார்த்திருக்கிறோம். எங்கள் பிள்ளை வாழப்போகிற இடத்தைக் காட்டுங்கள், போதும்."

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருக்கக் கண்டு வணிகரைக் கண்டித்த செய்தி நினைவுக்கு வந்தது. ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. தானியத்துக்கே இந்த நெறி என்றால், ஒரு பெண்பிள்ளை வாழ வரும் ஊருக்கு? நிறையையும் குறையையும் சேர்த்தே காட்டுவது என்று முடிவு செய்தேன்.

ஜனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில், சுபுஹுத் தொழுகை முடித்துக் காசிமேட்டிலிருந்து தொடங்கினோம். விடியலுக்கு முன்பே விசைப்படகுகள் கரை சேர்ந்து ஏலம் நடந்துகொண்டிருக்கும். வஞ்சிரம், சங்கரா, நண்டு, இறால் எனக் கூடை கூடையாக வந்திறங்கும். அங்கே செல்வோருக்குச் சில சொற்கள்: தரை எப்போதும் ஈரம், வழுக்காத செருப்பு அணியுங்கள். ஏலம் விடுவோர் வழியில் நில்லாதீர்கள். மீன் விற்கும் பெண்களைக் கேளாமல் படம் எடுக்காதீர்கள். "அக்கா" என்று அழைத்துப் பேசினால் விலையும் குறையும், சமைக்கும் பக்குவமும் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கடலுக்குச் செல்லா.

அடுத்து இராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. உயர்ந்த தூண்கள் தாங்கிய அந்தப் பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது. சற்று நடந்தால் இராயப்பர் தேவாலயம். இராயப்பர் என்பது புனித பேதுருவுக்குத் தமிழ்க் கிறித்தவர் வழங்கும் பெயர். ஊர்ப்பெயர் அதிலிருந்தே பிறந்தது. அருகில் 1910இல் எழுந்த பார்சிகளின் அக்கினிக் கோயில் உள்ளது. பார்சிகள் அல்லாதார் உள்ளே செல்ல இயலாது. வெளியிலிருந்து கண்டு திரும்புவதே முறை.

பின்னர் குணங்குடி மஸ்தான் சாஹிபு அவர்களின் அடக்கத்தலம் சென்றோம். 1792இல் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து 1838இல் இங்கே மறைந்த ஞானக் கவிஞர். தொண்டியிலிருந்து வந்த அவரை மக்கள் தொண்டியார் என்றழைத்ததால்தான் தண்டையார்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்பது இப்பகுதியில் வழங்கும் செவிவழிச் செய்தி. ஸலாம் உரைத்து, அன்னாருக்காக இறைவனிடம் துஆ செய்து வெளியே வந்தோம்.

சம்பந்தி ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர், நாங்கள் ஷாஃபி. மண்ணடி, இராயபுரம் பகுதியில் இருவகைப் பள்ளிவாசல்களும் உண்டு. ஹனஃபிப் பள்ளிகளில் அஸர் ஜமாஅத் பிந்தியே நடக்கும். நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்குத் தொழுமிடம் எல்லாப் பள்ளிகளிலும் இராது. அதையும் விசாரித்துப் புறப்படுவது நல்லது. பயணிகள் கஸ்ராகச் சுருக்கித் தொழலாம். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நான்கு ரக்அத்தும் முழுமையாகத் தொழ வேண்டும்.

லுஹருக்குப் பின் எண்ணூருக்குப் புறநகர் ரயில் ஏறினோம். கடற்கரைச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையாக நிற்கும். ஆகவே ரயிலே நலம். திருவொற்றியூர் வரை மட்டும் செல்வோர் மெட்ரோவிலும் செல்லலாம்.

கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் நின்றோம். ஆழமில்லா நீரில் இறங்கி மீனவர்கள் இறால் பிடித்துக்கொண்டிருந்தனர். அவர்களுக்குப் பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு இந்தக் கழிமுகத்தில் பரவி, படகும் வலையும் கறுத்துப்போனதைச் சொன்னேன்.

சம்பந்தி நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "உங்கள் தெருவில் காற்று எப்படி, பாய்?"

மறைக்காமல் சொன்னேன். முன்பெல்லாம் எங்கள் மொட்டைமாடியில் உலர்த்திய வெள்ளைத் துணி மாலைக்குள் மங்கிவிடும். 2011இல் உயர்நீதிமன்ற ஆணைப்படி சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. எங்கள் துணி வெளுத்தது. "ஆனால் அந்த நிலக்கரி எங்கும் போய்விடவில்லை, சம்பந்தி. இங்கேதான் வந்திறங்குகிறது. எங்கள் மூச்சு இவர்கள் மூச்சின் செலவில் சீரானது." அதைச் சொன்னபோதுதான் எனக்கே அது உறைத்தது. அண்டை வீட்டாரின் உரிமை குறித்து எத்தனை பயான்கள் கேட்டிருக்கிறேன்; பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்த அண்டை வீட்டாரை ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை. இன்றும் சில இரவுகளில் இனம் தெரியாத நெடி வரும், சன்னலை மூடிக்கொள்கிறோம், பேத்திக்குக் குளிர்காலத்தில் இருமல் உண்டு என்பதையும் சொன்னேன்.

திரும்பும் வழியில் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே பர்மா அத்தோ உண்டோம். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த உணவு அது. வாழைத்தண்டு சூப்போடு உண்பார்கள். இறைச்சி சேர்த்ததை வாங்குமுன் ஹலாலா என்று தயங்காமல் கேளுங்கள். இப்பகுதிக் கடைக்காரர்களுக்கு அது பழகிய கேள்விதான்.

விடை ஏதும் சொல்லாமலே அவர்கள் ஊர் திரும்பினார்கள். ஐந்தாம் நாள் சம்பந்தியம்மாள் அழைத்தார். "நிக்காஹுக்கு நாள் பாருங்கள், அண்ணே. பிள்ளைகளுக்கு மேல்மாடி அறையைக் கொடுங்கள். காற்று நன்றாக இருக்கும் நாளில் திறந்து வைக்கலாம்." சற்று நிறுத்திவிட்டு, "அந்த எண்ணூர் மீனவர்களுக்காகத் துஆ செய்கிறோம்" என்றார்.

விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது ஈமானோடு சேர்த்துச் சொல்லப்பட்ட கடமை. நல்ல உணவும் நல்ல படுக்கையும் மட்டுமே அதுவென்று எண்ணியிருந்தேன். நாம் வாழும் இடத்தை உள்ளபடி காட்டுவதும் அதில் அடங்கும் என்று இப்போது கருதுகிறேன். வடசென்னைக்கு வாருங்கள், காலையில் காசிமேட்டையும் மாலையில் எண்ணூரையும் ஒரே நாளில் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் ஊர் விளங்காது.

எங்கே குடியிருக்கிறீர்கள் என்று இப்போது யாரேனும் கேட்டால், இராயபுரம் என்கிறேன். அல்ஹம்துலில்லாஹ்.