பெயர்ப்பலகை சாட்சியாகுமா?

சங்கிலி என்னும் சொல்லுக்கு மதரஸாவில் ஓதியவர்களிடம் ஒரு பொருள் உண்டு. கடைத்தெருவில் இன்று வேறொரு பொருள் உண்டாகியிருக்கிறது. ஒரு ஹதீஸை இன்னார் தம் ஆசிரியரிடம் கேட்டார், அவர் தம் ஆசிரியரிடம் கேட்டார் என்று நபித்தோழர் வரையில் கொண்டு சேர்க்கும் அறிவிப்பாளர் வரிசையை ஸனது என்கிறோம். தமிழில் சொன்னால் அது ஒரு சங்கிலி. ஒரே பெயரில், ஒரே வண்ணப் பலகையோடு ஊருக்கு ஊர் திறக்கப்படும் சாப்பாட்டுக் கடைகளையும் இக்காலத்தில் சங்கிலித்தொடர் உணவகங்கள் என்றே வழங்குகிறார்கள். முன்னதை முப்பது ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வரும் எனக்கு, பின்னதைக் காணும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவதுண்டு. இந்தச் சங்கிலியின் கண்ணிகளை ஆராய்ந்து பார்த்தவர் யார்?

வேடிக்கைக்காக எழுந்த கேள்வி அன்று இது. எங்கள் ஊர் தஞ்சைக் கடற்கரையில் உள்ளது. எண்பது வயதைக் கடந்துவிட்ட என் உம்மாவை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவத்திற்காக வேலூருக்கு அழைத்துச் செல்கிறேன். ஏறத்தாழ எட்டு மணி நேரப் பயணம். அவர்களுக்குச் சர்க்கரை நோய். மாத்திரை போட்டுக்கொண்டால் உரிய நேரத்தில் வயிற்றுக்கு ஏதேனும் சென்றாக வேண்டும். தவறினால் மயக்கம் வந்துவிடும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் இடியாப்பம் காலை வேளைக்கு ஆகும். வெயில் காலத்தில் பகல் வேளைக்குத் தாங்காது. ஆகவே வழியில் ஏதேனும் ஒரு கடையில் இறங்கியே தீர வேண்டும். இறங்கினாலும் இலையில் வைத்ததை உம்மா உடனே தொட மாட்டார்கள்.

"யாரு ஆக்குனது வாப்பா?" என்பார்கள்.

"பேர் பெத்த கடை உம்மா" என்று சொன்னால், "பேரா சோறு ஆக்குச்சு?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஹதீஸ் கலை வல்லுநர்கள் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய இதுவேதான். அறிவிப்பவரிடம் அவர்கள் இரண்டு தகுதிகளைத் தேடினார்கள். ஒன்று நேர்மை, மற்றொன்று, கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் காத்துத் தரும் துல்லியம். நல்லவராக இருப்பார், நினைவாற்றல் குன்றியிருக்கும். அவருடைய செய்தி பலவீனப்படும். இவ்விரண்டோடு, ஒரு கண்ணியும் அடுத்த கண்ணியும் உண்மையிலேயே தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்றும் பார்த்தார்கள். ஆசிரியரும் மாணவரும் ஒரே காலத்தவராய், சந்தித்திருக்கக் கூடியவராய் இருந்தால் போதும் என்றார் இமாம் முஸ்லிம். இல்லை, அவர்கள் சந்தித்தது உறுதிப்பட வேண்டும் என்றார் இமாம் புகாரி. சாப்பாட்டுக் கடை விஷயத்தில் என் உம்மா இமாம் புகாரியின் கட்சி.

இந்த அளவுகோலை உணவகங்களின்மீது வைத்துப் பார்த்தால் பல செய்திகள் தெளிவாகின்றன.

இத்தகைய கடைகள் தோன்றியதே வழிப்போக்கனின் தேவையினால்தான். அமெரிக்காவில் 1876ஆம் ஆண்டு, கான்ஸாஸ் மாநிலத்து டொபீகா ரயில் நிலையத்தில் ஃபிரெட் ஹார்வி என்பவர் ஓர் உணவகம் தொடங்கினார். அக்காலத்து ரயில் பயணிகளுக்கு வழியில் கிடைத்த உணவு பெரும்பாலும் வாயில் வைக்கத் தகுதியற்றதாக இருந்தது. ஹார்வி அந்த இருப்புப்பாதை நெடுகிலும் ஒரே தரத்தில் உணவகங்களை அமைத்தார். முன்பின் அறியாத ஊரில் இறங்குபவனுக்குத் தெரிந்த பெயர் ஒன்று கிடைத்தது. பிற்காலத்தில் கலிபோர்னியாவின் மெக்டொனால்டு சகோதரர்கள் 1948இல் தங்கள் கடையைச் சில காலம் மூடி, உணவு வகைகளை விரல்விட்டு எண்ணும்படி குறைத்து, ஆளுக்கொரு வேலையாகப் பிரித்து, சமையலறையைத் தொழிற்சாலை போலாக்கித் திறந்தார்கள். 1955இல் ரே கிராக் என்பவர் அம்முறையைக் கையிலெடுத்து ஊர் ஊராகப் பரப்பினார்.

துல்லியம் என்னும் தகுதியில் இவர்களுக்குக் குறை சொல்ல முடியாது. உருளைக்கிழங்கு எத்தனை நிமிடம் பொரிய வேண்டும் என்பதை மணி அடித்துச் சொல்லும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். ஆனால் பிழையின்றி அறிவிக்கப்படும் செய்தி மிகச் சிறியது. அதை ஒரு முறை கேட்டவனுக்கு மறுமுறை கேட்கப் புதிதாக ஒன்றுமில்லை. என் பேரப்பிள்ளைகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்களுக்கு வயது வரும்.

நம் நாட்டுக் கடைகளின் நிலை இதற்கு நேர்மாறானது. சொல்ல வேண்டிய செய்தி பெரிது. கண்ணிகள்தாம் அறுந்து போகின்றன. நான் வேலூரில் ஓதிய காலத்தில், வெள்ளிக்கிழமை விடுமுறையில் தோழர்களோடு ஆம்பூருக்குப் போவதுண்டு. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, சீரகச் சம்பா அரிசி, விறகடுப்பு, தேக்சாவின் மூடிமேல் தணல், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். பண்டாரி மூடியைத் திறக்கும் நேரம் பார்த்து மக்கள் வரிசையில் நிற்பார்கள். இன்று அவ்வூரின் பெயரைத் தாங்கிய பலகைகள் எங்கும் உள்ளன. அவற்றுள் சில, அந்த ஊர்க் குடும்பங்களே பிள்ளைகளையும் பண்டாரிகளையும் அனுப்பி நடத்துபவை. வேறு பல, ஆம்பூரைப் பேருந்திலிருந்துகூடக் கண்டிராதவர்கள் வைத்தவை. முன்னது தொடரறாத ஸனது, பின்னது இடையறுந்தது. இரண்டுக்கும் பலகை ஒன்றுபோலவே இருக்கும்.

1957இல் நாகசாமி நாயுடு என்பவர் திண்டுக்கல்லில் தொடங்கிய பிரியாணிக் கடை, அவர் கட்டியிருந்த தலைப்பாகையினால் தலப்பாக்கட்டி என்று பெயர் பெற்றது. அப்பெயரை யார் வைத்துக்கொள்ளலாம் என்னும் வழக்கு நீதிமன்றம் வரையில் சென்றது. பெயருக்கு அவ்வளவு விலை இருக்கிறது என்பதே, பெயரை மட்டும் நம்பலாகாது என்பதற்குப் போதிய சான்று.

சங்கிலி நீளும்போது சுவை ஏன் தேய்கிறது என்பதை அறிந்துகொண்டால், எங்கே என்ன உண்ணலாம் என்பதும் விளங்கும். கிளைகள் பெருகியதும் நிறுவனத்தார் பொதுச் சமையற்கூடம் ஒன்றை அமைக்கிறார்கள். மாவு, மசாலா விழுது, குழம்புக்கான அடிப்படைக் கலவை ஆகியவை அங்கே தயாராகி வண்டியில் கிளைகளுக்குப் போகின்றன. இதில் குற்றமில்லை. பொடியும் விழுதும் பயணத்தைத் தாங்கும். மாவோ வழியெல்லாம் புளித்துக்கொண்டே போகும். குளிரில் வைக்கத் தவறினால் அந்தக் கிளையின் இட்டிலி அன்று முழுதும் புளிப்புத்தான். பிரியாணியை ஆக்கி மூடி அனுப்பினால் மூடியில் படிந்த ஆவி நீராகிச் சோற்றின்மேல் சொட்டும். பருக்கை தடித்துக் குழையும். காலையில் இறக்கிய காபி டிகாஷன் மாலைக்குள் மணத்தை இழக்கும். தோசைக்கல்லில் கண்ணெதிரே வார்ப்பது, தட்டி வீசிப் போடும் பரோட்டா, அப்பொழுதே பொரித்தெடுக்கும் மீன் ஆகியவற்றில் கிளையின் கைத்திறம் வெளிப்படும். ஆதலின் பழகாத கிளையில் நுழைந்தால், அடுப்பிலிருந்து நேரே இலைக்கு வருவதையே நான் கேட்பது வழக்கம்.

நீண்டும் அறுந்து போகாத சங்கிலிகளும் உண்டு. காபி வாரியம் தன் காபிக் கடைகளை மூடத் தலைப்பட்டபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, 1957 முதல் இந்தியன் காபி ஹவுஸ் என்ற பெயரில் தாமே நடத்தலாயினர். திருவனந்தபுரம் தம்பானூரில் லாரி பேக்கர் வடிவமைத்த, சுருண்டு மேலேறும் செங்கல் கட்டடத்தில் நான் அமர்ந்து உண்டிருக்கிறேன். மசாலா தோசையைப் பிளந்தால் உள்ளே பீட்ரூட் கிழங்கின் சிவப்பு. கேரளத்தில் வேறு ஊர்க் கிளைகளிலும் அதே சிவப்பைக் கண்டேன். விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு பரிமாறுபவரும் சங்கத்தின் உறுப்பினரே என்னும்போது, கடையின் நற்பெயர் அவருக்கும் சொத்து. நேர்மையும் துல்லியமும் அங்கே சம்பளத்திற்காக மட்டும் காக்கப்படவில்லை.

சென்னையில் 1951இல் ஏ. எம். புகாரி தொடங்கிய உணவகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சிக்கன் 65 என்னும் வறுவல் 1965இல் தங்கள் அடுக்களையில் பிறந்தது என்பது அவர்கள் கூற்று. இன்று அது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. மூலத்தைத் தேடிச் செல்பவர்களுக்கு அண்ணா சாலையில் மூலம் இன்னும் இருக்கிறது. சங்கிலியைச் சோதிக்க இதுவே எளிய வழி. முதற்கடையில் ஒரு முறை உண்டு நாவில் பதித்துக்கொண்டவர், கிளையின் தவற்றை முதற்கவளத்திலேயே கண்டுகொள்வார்.

ஹலால் விஷயத்தில் பெயரின் சாட்சியம் இன்னும் பலவீனமானது. சிங்கப்பூரில் முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றம், உணவகங்களுக்கான சான்றிதழைக் கடைதோறும் தனித்தனியே வழங்குகிறது. சுவரில் தொங்குவது அந்தக் கடைக்கே உரிய சான்று. பிரிட்டனிலோ கே.எஃப்.சி. கடைகளில் சில மட்டுமே ஹலால் இறைச்சி விற்பவை. ஒரு தெருவில் ஆகும், மறு தெருவில் ஆகாது. நம் ஊர்களிலும் இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெளிவான விடை கிடைக்காவிட்டால் இட்டிலியும் தோசையும் எங்கும் இருக்கின்றன.

பெரிய நிறுவனங்களை நாடுவதில் ஒரு நன்மையும் உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. பத்து இடங்களுக்குக் குறையாமல் கடை வைத்திருப்போர் ஒவ்வொரு பண்டத்திற்கும் எரிசக்தி அளவை விலைப்பட்டியலில் காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்து, 2022 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. சர்க்கரை நோயாளியை அழைத்துச் செல்பவனுக்கு அது பயனுள்ள எண். அதே ஆண்டு ஜனவரி முதல் உரிம எண்ணை ரசீதிலும் அச்சிட வேண்டும் என்றாயிற்று. நெடுஞ்சாலையில் நல்ல கழிப்பிடம், உளூச் செய்யத் தண்ணீர், பெண்கள் தொழுதுகொள்ள ஒரு மூலை ஆகியவையும் இத்தகைய கடைகளில்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன. ஓட்டுநருக்கு இலவசச் சாப்பாடு போடுவதற்காகவே பேருந்து நிறுத்தப்படும் தனிக்கடைகளில் இவற்றை எதிர்பார்க்க இயலாது.

வேலூர்ச் சாலையில் ஒரே பெயருள்ள இரண்டு கிளைகளில் நாங்கள் உண்டிருக்கிறோம். ஒன்றில் சாம்பார் நீர்த்து, இட்டிலி புளித்து, கேட்ட கேள்விக்கு விடை சொல்லவும் ஆளில்லை. உம்மா ஒரு துண்டு வைத்துவிட்டு இலையை மடித்துவிட்டார்கள். அடுத்த ஊர் வரும் வரையில் அவர்களுடைய நெற்றி வியர்வையைத் துடைத்தபடியே நான் வந்தேன். மற்றொன்றில் மேற்பார்வையாளரிடம், "யார் சமைக்கிறார்கள் தம்பி?" என்று கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் அடுக்களையிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார். நரைத்த மீசைக்காரர். தலைமைக் கடையில் பல ஆண்டுகள் மாவு அரைத்து, அடுப்பில் நின்று, பிறகு இங்கே அனுப்பப்பட்டவர். "அம்மாவுக்குச் சர்க்கரையா? எண்ணெய் குறைச்சு ஊத்துறேன்" என்று தாமே கல்லின் முன் நின்றார். உம்மா இரண்டு தோசை உண்டார்கள். அந்தக் கண்ணி தன் ஆசிரியரைச் சந்தித்திருந்தது.

ஆகவே என்னிடம் எந்த நிறுவனத்தில் உண்ணலாம் என்று கேட்பவர்களுக்கு நான் நிறுவனத்தின் பெயரைச் சொல்வதில்லை. ஊரையும் கிளையையும் சேர்த்தே சொல்கிறேன். சமையல்காரர் யார், எங்கே கற்றார், மாவும் இறைச்சியும் எப்போது வந்தன என்னும் மூன்றையும் பணிவாகக் கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்த கடையில் அமருங்கள். நன்றாக இருந்தால் சமைத்தவரைக் கூப்பிட்டு ஒரு சொல் பாராட்டிவிட்டுப் போங்கள். கெட்டிருந்தால் அதையும் கல்லாவில் சொல்லுங்கள். கேட்பாரற்ற சங்கிலியில்தான் கண்ணிகள் துருப்பிடிக்கும். நமக்குப் பின்னால் ஒரு மூதாட்டியை அழைத்துக்கொண்டு யாரேனும் அந்த வழியே வருவார்கள். நாம் கேட்டுவிட்டுப் போன கேள்வி அவர்கள் இலையில் நல்ல சோறாக விழட்டும்.